கர்ப்பிணியின் சிறுநீரில் சோப்பு: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, நியூயார்க்கின் ப்ரூக்ளினில் கர்ப்பிணிகளின் சிறுநீரில் கிருமிநாசினி சோப்பின் ரசாயனத்தை அளந்த ஆய்வைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. எழுதியவர்களில் சிலர் கர்ப்பிணிகள், சிலர் அவர்களுடைய அம்மாக்கள், ஒருவர் கோபக்கார மாமனார். அதனால் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரி ஒன்றின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருந்து மாத்திரை பற்றிக் கேட்டால் உங்கள் டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். ரத்தத்திலும் சிறுநீரிலும் என்ன எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் நிறுத்தாமல் பேசுவேன்.

மதுரை வாசகி: *என் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். ஐந்தாவது மாதம். பொங்கல் முடிந்து அவளைப் பார்க்கப் போனபோது, அவள் சின்ன வயதிலிருந்து தேய்த்துக் குளித்த கிருமிநாசினி சோப்பையே ஒரு டஜன் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். இப்போது போனில், "அம்மா, அந்த மாதிரி சோப்பில் இருக்கிற ரசாயனம் இங்கே ஓர் ஆய்வில் எல்லாக் கர்ப்பிணிகளின் சிறுநீரிலும் இருந்ததாம், நீ கொண்டுவந்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன்" என்கிறாள். உண்மையா மேடம்? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?*

உண்மைதான். பத்து வருடத்துக்கு மேல் பழைய செய்தி, யாரோ இப்போது மறுபடி சுற்றில் விட்டிருக்கிறார்கள்.

நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ப்ரூக்ளினில் டவுன்ஸ்டேட் மருத்துவ மையம் என்று ஓர் ஆஸ்பத்திரி உண்டு. அங்கே கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள், அவர்களிலும் பலர் கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள். 2007 முதல் 2009 வரை அவர்களில் 184 பேரிடம் சிறுநீர் மாதிரி வாங்கினார்கள். 33 பேருக்குப் பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தமும் எடுத்து வைத்தார்கள். டவுன்ஸ்டேட்டின் லாரா கீரும், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரோல்ஃப் ஹால்டன், பென்னி பைக் ஆகியோரும் சேர்ந்து செய்த வேலை இது. 2014 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் முடிவைச் சொன்னார்கள்.

அவர்கள் முக்கியமாகத் தேடியது இரண்டு பொருட்களை. ஒன்று ட்ரைக்ளோசான். திரவ சோப்பு, பற்பசை, முகம் கழுவும் குழம்பு என்று பலதிலும் போடப்பட்டது. இன்னொன்று ட்ரைக்ளோகார்பான், பெரும்பாலும் கட்டி சோப்பில் இருப்பது. 184 பேரின் சிறுநீரிலும் ட்ரைக்ளோசான் இருந்தது, ஒருவர்கூடத் தப்பவில்லை. 85 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் ட்ரைக்ளோகார்பானும் இருந்தது. உங்கள் மகள் படித்தது இதைத்தான். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த முடிவு: சோதித்த தொப்புள்கொடி ரத்தங்களில் ஏறக்குறைய பாதியில் ட்ரைக்ளோசான் இருந்தது. சிறுநீரில் இருந்தால் அம்மாவின் உடம்பு அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அது நல்ல வேலைதான். தொப்புள்கொடி ரத்தத்தில் இருந்தால் அது நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் பக்கம் போயிருக்கிறது. பெரியவர்களின் கல்லீரல் இதை உடனே கட்டிப்போட்டு அனுப்பிவிடும். கருவிலிருக்கும் குழந்தைக்கு அந்தத் திறமை இன்னும் வரவில்லை. பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வருவதற்குக் காரணமும் இதே போதாமைதான்.

ப்ரூக்ளின் பெண்கள் மட்டும் ஏதோ விசேஷமாகச் சோப்பில் மிதந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 2003–04இல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நாடு முழுக்க ஆறு வயதுக்கு மேற்பட்ட 2,517 பேரின் சிறுநீரைப் பார்த்தபோது, நான்கில் மூன்று பேரிடம் ட்ரைக்ளோசான் இருந்தது. கனடாவில் 2008 முதல் 2011 வரை பத்து நகரங்களில் சுமார் 2,000 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அங்கும் ஏறக்குறைய எல்லோரிடமும்.

இருந்தது, சரி. தீங்கு செய்ததா? விலங்குகளில் கவலைப்பட இடம் இருக்கிறது. எலிகளுக்குக் கொடுத்தபோது தைராய்டு ஹார்மோன் குறைந்தது. செம்மறியாட்டின் நச்சுக்கொடியில், ஈஸ்ட்ரோஜனைக் கையாளும் ஒரு நொதியை ட்ரைக்ளோசான் மறித்தது. மனிதர்களில் படம் கலங்கல். டென்மார்க்கின் ஓடன்ஸேயிலும் அமெரிக்காவின் சின்சினாட்டியிலும் நடந்த ஆய்வுகளில், அம்மாவிடம் அளவு அதிகமாக இருந்தபோது குழந்தையின் தலைச் சுற்றளவு சற்றுக் குறைவாக இருந்தது. ஓடன்ஸேயில் அது ஆண் குழந்தைகளிடம்தான் தெரிந்தது. வேறு இடங்களில் அப்படி எதுவும் தெரியவில்லை. சற்று என்றால் மில்லிமீட்டர் கணக்கு. ஒரு தனிக் குழந்தையை எடுத்து வைத்துப் பார்த்தால் யாராலும் சொல்ல முடியாத வித்தியாசம். இதை வைத்து உங்கள் பேரக்குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இரவில் விழித்துக் கிடக்க வேண்டாம்.

ஒரு வேடிக்கை மட்டும் சொல்கிறேன். 2016 செப்டம்பர் 2ஆம் தேதி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பான் உட்பட 19 பொருட்களை வீட்டு உபயோகக் கிருமிநாசினி சோப்புகளில் போடக்கூடாது என்று முடிவு செய்தது. ஒரு வருடம் கழித்து அது அமலுக்கு வந்தது. ஆக, உங்கள் மகள் நியூஜெர்சிக் கடையில் வாங்கும் சோப்பில் இவை இருக்க வாய்ப்பில்லை. அந்தச் சட்டம் எட்டாத ஒரே இடம் நீங்கள் கொண்டுபோன பெட்டிதான்! அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்காமல் உங்கள் சோப்பைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவள் தூக்கிப் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. அத்தனை தூரம் சுமந்த உங்களை நினைத்துத்தான் வருத்தம். அடுத்த முறை பருப்புப் பொடி கொண்டு போங்கள்.

காரைக்குடி வாசகர், முதுகலை வேதியியல் மாணவர்: *லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும் ஒரு பொருளை, ஆயிரம் பொருள் கலந்திருக்கும் சிறுநீரில் எப்படி நம்பிக்கையாக அளக்கிறார்கள்? வகுப்பில் கருவியின் படத்தை மட்டும் காட்டுகிறார்கள்.*

உங்களுக்காக ஆசிரியரிடம் ஒரு பக்கம் அதிகம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

முதலில் அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ரூக்ளின் பெண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நின்றவரிடம் இருந்தது லிட்டருக்கு ஏழு மைக்ரோகிராம் அளவுதான். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டு, அதில் ஏழு பங்கு.

அந்த ஏழும் சிறுநீரில் வெறும் ட்ரைக்ளோசானாக மிதப்பதில்லை. கல்லீரல் அதனுடன் குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ கோர்த்துவிடுகிறது. அப்போதுதான் அது தண்ணீரில் கரைந்து வெளியேறும். அளக்க வேண்டுமானால் கோர்த்ததைப் பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு நொதி தேவை. பல ஆய்வகங்களில் அந்த நொதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஐரோப்பாவில் சமைத்துச் சாப்பிடுகிறார்களே, அந்தப் பெரிய நத்தையின் குடலிலிருந்து. புட்டியில் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரிக்காத மாணவரை நான் பார்த்ததில்லை. மாதிரியில் இந்த நொதியை விட்டு, உடல் வெப்பத்தில் வைத்தால், சேர்மானம் உடைந்து தனி ட்ரைக்ளோசான் வரும்.

நொதி விடுவதற்கு முன்பே இன்னொரு காரியம் செய்துவிடுவார்கள். ட்ரைக்ளோசானில் 12 கார்பன் அணுக்கள். அந்தப் பன்னிரண்டும், சாதாரணக் கார்பனை விட ஓர் அலகு எடை கூடிய கார்பன்-13ஆக இருக்கும்படி தயாரித்த ட்ரைக்ளோசான் விலைக்குக் கிடைக்கும், விலை கேட்டால் தலை சுற்றும். வேதியியல் நடத்தையில் இரண்டும் ஒன்றேதான், எடை மட்டும் பன்னிரண்டு அலகு கூடுதல். அதில் தெரிந்த அளவை மாதிரியில் முதலிலேயே கலந்துவிட வேண்டும். வழியில் பிரித்தெடுக்கும்போது, வடிக்கும்போது, உலர்த்தும்போது கொஞ்சம் போகும். போனால் இரண்டும் அதே விகிதத்தில்தான் போகும். கடைசியில் இரண்டின் விகிதத்தைப் பார்த்தால், போனது எவ்வளவு என்ற கவலையே இல்லை. எனக்கு இந்த உத்தி மேல் ஒரு காதல் உண்டு.

அப்புறம் கலவையிலிருந்து பொருட்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் திரவ நிறப்பிரிகை, அதன் வாலில் மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காணும் இரட்டை நிறைமாலைமானி. ட்ரைக்ளோசான் எதிர்மின் அயனியாக 287 என்ற எடையில் வரும். அதைப் பிடித்து உடைத்தால் ஒரு குளோரைடு, 35, உதிரும். குளோரினில் 37 எடையுள்ள வகையும் (ஐசோடோப்பு) இயற்கையிலேயே உண்டு, ட்ரைக்ளோசானில் இருப்பதோ மூன்று குளோரின், அதனால் 289இலும் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஒரு கோடு வரும். இரண்டு கோடுகளும் இருக்க வேண்டிய விகிதத்தில் இருந்தால்தான் அது ட்ரைக்ளோசான். இல்லாவிட்டால் வேறு யாரோ வேஷம் போட்டு வந்திருக்கிறார்.

கருவியை நம்பலாம். மனிதர்களிடம்தான் எச்சரிக்கை தேவை. மாதிரி எடுக்கிற நர்ஸ் எதில் கை கழுவினார்? ஆய்வகத்தில் பாத்திரம் கழுவ எதை வைத்திருக்கிறார்கள்? காலையில் பகுப்பாய்வாளர் எந்தப் பற்பசையில் பல் தேய்த்தார்? நாம் தேடுவது கழுவுகிற பொருளையே அல்லவா! அதனால் சுத்தமான தண்ணீரை அதே குப்பியில் ஊற்றி, அதே கைகளால், அதே வழியில் கொண்டுபோய்ச் சோதிப்பார்கள். அந்த வெற்று மாதிரியில் ட்ரைக்ளோசான் வந்தால் அன்றைய வேலை குப்பைக்கு. இன்னொரு தடயமும் உண்டு. உடம்பு வழியாக வந்த ட்ரைக்ளோசான் பெரும்பாலும் கோர்த்த வடிவத்தில்தான் இருக்கும். ஒரு மாதிரியில் தனி ட்ரைக்ளோசான் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருந்தால், அது அந்தப் பெண்ணின் உடம்பிலிருந்து வந்ததா, யாருடைய கையிலிருந்தாவது வந்ததா என்று சந்தேகப்பட வேண்டும். நொதி விட்டு ஒரு முறை, விடாமல் ஒரு முறை அளந்தால் தெரிந்துவிடும்.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலும் இருக்கிறது, இதைப் பாடப்புத்தகத்தில் தேட வேண்டாம். ஒரே ஆளின் சிறுநீர் தண்ணீர் குடித்த பிறகு நீர்த்திருக்கும், வெயிலில் அலைந்த பிறகு அடர்ந்திருக்கும். அதைச் சரிக்கட்டச் சாதாரணமாக, தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினினை அளந்து அதால் வகுப்போம். கர்ப்பத்தில் சிறுநீரகம் வடிகட்டும் வேகமே ஏறத்தாழ பாதி கூடிவிடுகிறது. கிரியாட்டினின் கணக்கு மாதத்துக்கு மாதம் நகரும். அளவுகோலே நீண்டு சுருங்கினால் அதை வைத்து என்ன அளப்பது? அதனால் பலர் கர்ப்பிணிகளுக்குச் சிறுநீரின் ஒப்படர்த்தியை, அதாவது தண்ணீரை விட அது எத்தனை மடங்கு கனம் என்பதை, வைத்துத் திருத்துகிறார்கள். ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது எதை வைத்துத் திருத்தினார்கள் என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லாத கட்டுரையை மூடி வையுங்கள்.

கோவை வாசகி, ஏழாவது மாதம்: *இங்கே ஒரு தனியார் லேபில் "உடல் நச்சு முழுப் பரிசோதனை" என்று விளம்பரம் பார்த்தேன். கட்டணம் பல ஆயிரம். எனக்கும் இந்த ட்ரைக்ளோசான் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமா? பயமாக இருக்கிறது.*

வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தில் பேரீச்சம்பழமும் முட்டையும் வாங்கிச் சாப்பிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். ஸ்வீடனில் பத்துத் தன்னார்வலர்களை 4 மில்லிகிராம் ட்ரைக்ளோசான் விழுங்கச் சொல்லிவிட்டு, அது எப்போது வெளியேறுகிறது என்று கணக்கெடுத்தார்கள். சிறுநீரில் வெளியேறும் வேகம் ஏறக்குறைய பதினொரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியானது. அதாவது செவ்வாய்க்கிழமை காலையில் நீங்கள் கொடுக்கும் சிறுநீர், திங்கட்கிழமை நீங்கள் எந்த சோப்பைத் தொட்டீர்கள் என்பதைத்தான் சொல்லும். ஏழு மாதக் கதையைச் சொல்லாது. நூற்றுக்கணக்கான பெண்களை வைத்து ஆய்வு செய்கிறவர்களுக்கு அது போதும், ஏனென்றால் ஒருவருக்கு அன்று கூடியது இன்னொருவருக்குக் குறைந்து சராசரியில் நேராகிவிடும். தனி ஒருவருக்கு அந்த எண்ணால் எந்த உபயோகமும் இல்லை. அதற்கு மேல், "இதற்கு மேலிருந்தால் ஆபத்து" என்று சர்க்கரைக்கும் ஹீமோகுளோபினுக்கும் இருப்பதுபோல கர்ப்பிணியின் ட்ரைக்ளோசானுக்கு ஒரு கோடு கிடையாது. அறிக்கையில் ஓர் எண் வரும், அதைப் பார்த்து உங்கள் டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் மட்டும் பிரசவம் வரை அந்த எண்ணைக் கட்டிக்கொண்டு கிடப்பீர்கள். உங்கள் டாக்டர் எழுதிக்கொடுக்கிற தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகைப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். அவற்றின் முடிவை வைத்து ஏதாவது செய்ய முடியும்.

இவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது என்பதில் உங்களுக்கு நல்ல சேதியும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சலினாஸில், விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த ஊர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியைச் சேர்ந்த 100 பதின்வயதுப் பெண்களிடம் மூன்று நாளைக்கு மாற்றுப் பொருட்களைக் கொடுத்தார்கள். ட்ரைக்ளோசான், பாராபென் (கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது) போன்றவை இல்லை என்று அட்டையில் போட்ட சோப்பு, ஷாம்பு, அழகுசாதனங்கள். அந்த மூன்று நாளில் அவர்கள் சிறுநீரில் ட்ரைக்ளோசான் 36 சதவீதம் இறங்கியது. மெத்தில், புரோப்பைல் என்ற இரண்டு பாராபென்கள் நாற்பதுக்கும் மேல். 2016இல் வெளிவந்த ஆய்வு. உங்களுக்குப் பரிசோதனை தேவையில்லை, குளியலறை அலமாரியை ஒரு தடவை பார்த்தால் போதும். சோப்பு, பற்பசை, முகக் களிம்பு ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் படியுங்கள். ட்ரைக்ளோசான் என்று நேராகவே எழுதியிருக்கும். ட்ரைக்ளோகார்பான் சில சமயம் டி.சி.சி. என்ற சுருக்கத்திலோ, ட்ரைகுளோரோகார்பனிலைடு என்ற நீண்ட பெயரிலோ இருக்கும். எழுத்து அத்தனை பொடி, வீட்டுக்காரரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள்.

இதில் சோப்பை விடப் பற்பசை முக்கியம். தோலில் பட்டுக் கழுவப்படும் சோப்பிலிருந்து உடம்புக்குள் போவது சொற்பம். ஓர் ஆய்வில் ஆறு பேர் ட்ரைக்ளோகார்பான் சோப்பைத் தேய்த்துக் கால் மணி நேரம் குளித்தார்கள். அவர்கள் உடம்பில் பூசிய சுமார் 70 மில்லிகிராமில் உள்ளே போனது ஒரு சதவீதம்கூட இல்லை. வாயின் உட்சவ்வு வேறு விஷயம், அது நன்றாக உறிஞ்சும். கொஞ்சம் விழுங்கவும் செய்வோம். நியாயமாகச் சொல்ல வேண்டும்: பற்பசையில் ட்ரைக்ளோசான் சும்மா போடப்படவில்லை. ஈறு வீக்கத்தையும் பல்லில் படியும் காரையையும் குறைக்கிறது என்று சான்று உண்டு. அதைக் காட்டித்தான் கோல்கேட் டோட்டல் 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2019இல் அந்த நிறுவனமே அங்கே அதை எடுத்துவிட்டு வேறு சேர்மானத்துக்கு மாறிவிட்டது. சோப்பில் அப்படி ஒரு பயன்கூட இல்லை. அடுத்த கடிதத்துக்கு வருகிறேன்.

வேலூர் வாசகர், ஓய்வுபெற்ற தாசில்தார்: *அமெரிக்காக்காரன் ஊரில் கொசு இல்லை, சாக்கடை இல்லை, அவன் சாதா சோப்பில் கை கழுவலாம். நம் ஊர்க் கிருமிக்கு வெறும் சோப்பு போதுமா? என் மருமகள் உங்கள் பத்திரிகையைக் காட்டிவிட்டுக் கிருமிநாசினி சோப்பை வீட்டில் நிறுத்திவிட்டாள். நாளைக்கு என் பேரனுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் யார் பொறுப்பு?*

ஐயா, கோபம் நியாயம்தான். அதனால் அமெரிக்காவை விட்டுவிட்டு கராச்சிக்கு வருவோம்.

அங்கே, குடிநீர் குழாயும் சாக்கடையும் ஒழுங்காக இல்லாத குடிசைப் பகுதிகளில், ஸ்டீஃபன் லூபி என்பவரின் குழு 2002இல் ஓர் ஆய்வு தொடங்கியது. சில தெருக்களுக்கு 1.2 சதவீதம் ட்ரைக்ளோகார்பான் போட்ட சோப்பு. சில தெருக்களுக்கு அதே மாதிரி பார்வைக்குத் தெரியும் சாதா சோப்பு. சில தெருக்களுக்கு சோப்பே கொடுக்கவில்லை. வாராவாரம் ஆள் போய்க் கை கழுவச் சொல்லிக்கொடுத்தார்கள், யாருக்கு என்ன நோய் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். சோப்பு கொடுத்த தெருக்களில் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் நிமோனியாவும் பாதி. மருந்து சோப்புக்கும் சாதா சோப்புக்கும்? வித்தியாசம் இல்லை. இதற்குப் பணம் கொடுத்தது யார் என்று கேளுங்கள்: ப்ராக்டர் அண்ட் கேம்பிள், சோப்பு விற்கிற நிறுவனமே. 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

நியூயார்க்கின் மேல் மன்ஹாட்டனிலும் 238 வீடுகளுக்கு, யாருக்கு எது என்று தெரியாதபடி, கிருமிநாசினி போட்டதும் போடாததுமான சோப்புகளைக் கொடுத்து ஏறக்குறைய ஒரு வருடம் பார்த்தார்கள். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கில் மாற்றமில்லை. சோப்பு கிருமியைக் கொல்ல வேண்டியதில்லை ஐயா, வழுக்கி இறக்கித் தண்ணீரோடு அனுப்பினால் போதும்.

அமெரிக்க நிர்வாகம் தடை விதித்ததும் "இது விஷம்" என்று நிரூபித்து அல்ல. 1978லேயே ஒரு வரைவை வெளியிட்டுவிட்டு, அதைக் கிடப்பில் போட்டு உட்கார்ந்திருந்தது. நம் ஊர்க் கோப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். 2010இல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டதும் கோப்பு நகர்ந்தது. 2013 டிசம்பரில் உற்பத்தியாளர்களைப் பார்த்துக் கேட்டது இரண்டே கேள்வி: தினமும் வருடக்கணக்கில் உபயோகித்தால் பாதுகாப்பானதா, சாதா சோப்பை விட மேலானதா, காட்டுங்கள். காட்ட முடியவில்லை. பயனே இல்லாத இடத்தில் சின்ன ஆபத்தைக்கூட எதற்கு ஏற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பயன் இருக்கிற இடத்தில் கணக்கு மாறும். ஆபரேஷன் தையலுக்கு ட்ரைக்ளோசான் பூசிய நூலைப் பயன்படுத்தலாம் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. நாளைக்கு உங்கள் வீட்டில் யாருக்காவது சிசேரியன் நடந்து அந்த நூலைப் போட்டால், என் கட்டுரையைக் காட்டி டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

பேரனுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு–சர்க்கரைக் கரைசலும் டாக்டரும். பொறுப்பு என்னுடையது என்று எழுதி வேண்டுமானாலும் தருகிறேன், மருமகளை விட்டுவிடுங்கள்.

சென்னை, கொளத்தூர் வாசகி: *பிரசவமான பெண் குளிக்கும் தண்ணீரில் இரண்டு மூடி டெட்டால் ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். குழந்தையின் துணியையும் அதில்தான் அலசுகிறோம். இதிலும் ட்ரைக்ளோசானா?*

இல்லை. அந்தப் பழுப்பு நிறத் திரவத்தில் இருப்பது குளோரோசைலினால், 4.8 சதவீதம். தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி ஆவது அதிலிருக்கும் எண்ணெய்ப் பொருளால். 2016 தடையில் இது சேரவில்லை. இதையும் பென்சல்கோனியம் குளோரைடு முதலான வேறு இரண்டையும் பற்றி இன்னும் தரவுகள் வேண்டும் என்று சொல்லி அந்த நிர்வாகம் முடிவைத் தள்ளிவைத்தது. தடை செய்யவில்லை என்பதற்காகக் குழந்தை துணிக்கு அது தேவை என்று ஆகிவிடாது. துணியைச் சோப்புப் போட்டு, நன்றாக அலசி, வெயிலில் காயப்போடுங்கள். கொளத்தூர் வெயில் போதும். தையல் போட்ட இடத்தை எதில் கழுவுவது என்பதை மட்டும் பிரசவம் பார்த்த டாக்டரிடம் கேட்டு அவர் சொன்னபடி செய்யுங்கள், வழக்கம் என்று சொந்தமாக எதையும் ஊற்றாதீர்கள்.

திருநெல்வேலி வாசகர்: *குளித்த தண்ணீர் ஆற்றுக்குத்தானே போகிறது? எங்கள் தாமிரபரணியை யாராவது பார்த்தார்களா?*

பார்த்தார்கள். எங்கள் திருச்சியின் பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் தண்ணீர் எடுத்து ட்ரைக்ளோசானையும் பாராபென்களையும் தேடினார்கள். 2011இல் வெளியிட்டார்கள். மூன்றிலும் ட்ரைக்ளோசான் இருந்தது, தாமிரபரணியில்தான் அதிகம். காவிரிக்காரியான எனக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தலைப்பிரட்டை தவளையாவதைத் தைராய்டு ஹார்மோன்தான் நடத்துகிறது, அந்த வேலையில் ட்ரைக்ளோசான் மிகக் குறைந்த அளவிலேயே குறுக்கிடுகிறது என்று கனடாவில் 2006இல் காட்டியிருக்கிறார்கள். ஆற்றில் இருப்பவற்றுக்கு அலமாரியைப் பார்த்து சோப்பை மாற்றிக்கொள்ளும் வசதி கிடையாது.

கும்பகோணம் வாசகி: *மேடம், இதெல்லாம் எதற்கு? பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ரோஜா இதழ் அரைத்த குளியல் பொடியைக் கர்ப்பிணிகளுக்குச் சொல்லுங்களேன். நானே தயாரித்து விற்கிறேன், உங்களுக்கும் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.*

பொட்டலம் வந்தது, வாசனை நன்றாக இருக்கிறது. விளம்பரம் ஆசிரியரின் இலாகா, நான் தலையிட மாட்டேன். வீட்டில் அரைத்த பயற்றம் மாவு குளிக்கத் தாராளமாகப் போதும், யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. கர்ப்பிணிகளுக்கு விற்கிறீர்கள் என்பதால் ஒன்று கேட்கிறேன். மஞ்சளை எங்கே வாங்குகிறீர்கள்? நிறத்துக்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் கலக்கும் அநியாயம் நம் துணைக்கண்டத்தில் நடந்திருக்கிறது. ஈயம் நச்சுக்கொடியைத் தாண்டும், குழந்தையின் மூளையைக் கெடுக்கும், இதில் ட்ரைக்ளோசானைப் போலக் கலங்கல் எதுவும் இல்லை. தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கி அரைக்கிறீர்கள் என்றால், அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பொட்டலத்தைப் பிரித்துவிடுகிறேன்.